மேற்கோளும் அது வந்த வழியும்

முதுகலை மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளையும் முனைவர் பட்டத்திற்கென அளிக்கப்பெறும் ஆய்வேடுகளையும் படித்துத் திருத்தும் கடப்பாடு தமிழ்த்துறை ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவ்வாறு படிக்குங்கால் யான் முதற்கண் நோக்குவது முன்னுரையை அன்று, அடிக்குறிப்புகளையே. எழுதினார் எவற்றைத் தாமே படித்தார், எவற்றைப் பிறர் வாயிலாகக் கேட்டறிந்தார் என்பன அங்கேதான் வெளிப்படல் வேண்டும். ஆயின் அண்மையில் யான் கண்ட ஏடுகள் பலவற்றில் அவ்வேறுபாடு வெளிப்படாதவாறு மறைக்கப்பட்டுள்ளது. அதுபற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு நெறிமுறை என்னும் பாடம் இப்பொழுது எல்லாத் துறைகளிலும் கற்பிக்கப்படுகின்றது. அப்பாடத்தில் மாணவர் கற்பது பெரும்பாலும் எழுத்து முறையே. ஆசிரியர் பெயர் முன்னோ நூற்பெயர் முன்னோ, ஆண்டினைப் பிறைக்கோட்டுள் இடுவதோ இறுதியில் இடுவதோ, காற்புள்ளியோ அரைப்புள்ளியோ என்பன குறித்து அவர்கள் மிகவும் கவலை கொள்கின்றனர். இவை வேண்டற்பாலனவே, வேண்டா என்பார் இலர். எனினும் அச்சிட்ட நூல், உரை, கல்வெட்டு, ஓலைச்சுவடி, இதழ்க் கட்டுரை, வாய்மொழிச் செய்தி, இணையப் படி ஆகிய இவை தம்முள் இயல்பால் வேறுபட்டவை. ஒவ்வொன்றும் ஆய்வாளனைத் தனக்கே உரிய ஒரு வகையால் வழிதவறச் செய்யும். அவற்றை ஒரே அச்சில் வார்த்துவிட்டு மேற்கோள் காட்டிவிட்டதாக அமைதல், பொன்னையும் நெல்லையும் விறகையும் ஒரே நிறைகோலால் நிறுத்துவிட்டதாகக் கொள்வதனோடு ஒக்கும்.

சான்றாக ஒன்றை விரித்துக் கூறுவல். சிலப்பதிகாரத்தின் காலத்தை ஆராயப் புகுவார் அனைவரும் கயவாகு பற்றிய செய்தியை எடுத்தாள்வர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபொழுது இலங்கை வேந்தன் கயவாகு உடனிருந்தான் என்பது அக்காப்பியத்து வரந்தரு காதையால் அறியப்படும். அவன் தன் நாட்டில் கண்ணகிக்கு விழவு எடுத்ததனை உரைபெறு கட்டுரை கூறும். இலங்கை வரலாறு கூறும் பாலிமொழி நூலாகிய மகாவமிசத்தின் அரசர் வரிசையில் கஜபாகு என்பான் ஒருவன் உளன். அவ்வரிசையைக் கணக்கிட்டோர் அவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன் என்பர். இவ்விருவரும் ஒருவரே எனக் கொண்டு செங்குட்டுவன் காலமும் 2ஆம் நூற்றாண்டே எனத் துணிந்தனர். 1904இல் வெளிவந்த வி. கனகசபைப் பிள்ளையின் ஆங்கில நூல் இம்முடிபினை யாண்டும் பரப்பியது. எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் இதனை ஏற்றிலர். அப்பூசலுள் யான் ஈண்டுப் புகவில்லை.

மாணவர் இதனை எங்ஙனம் எழுதுகின்றனர் என்பதே என் வினா. ‘செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவிற்குக் கயவாகு சென்றதனை மகாவமிசமும் உறுதிப்படுத்துகின்றது’ என்று எழுதி, அடியில் மகாவமிசம் எனக் குறித்துவிடுகின்றனர். மகாவமிசத்தின் 35ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்பார்க்கு அங்ஙனம் ஒன்றும் கிடையாது. கஜபாகு 22 ஆண்டு ஆண்டான் என்பதும், அவன் பௌத்த சமயத்திற்குச் செய்த திருப்பணிகளும் அங்கே சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. செங்குட்டுவன் பெயர் இல்லை. கண்ணகியோ பத்தினித் தெய்வமோ இல்லை. சேர நாட்டுச் செலவும் இல்லை. கஜபாகுவைப் பத்தினியின் சிலம்போடு தொடர்புபடுத்தும் கதை இராஜாவலிய என்னும் சிங்கள நூலிற் காணப்படுவது. அந்நூல் மகாவமிசத்திற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. எனவே, சிலப்பதிகாரச் செய்திக்கு மகாவமிசம் தருவதாகக் கருதப்பட்ட உறுதி, ஓர் அரசனுடைய பெயர் ஒப்புமை அளவினதே. அப்பெயர் ஒப்புமையைக் கொண்டு காலத்தைத் துணிதல் தகும் என்றும் வாதிடலாம், தகாது என்றும் வாதிடலாம். ஆனால் ஒரு சான்றை இரு சான்றாக எண்ணிக்கொண்டு வாதிடல் ஆகாது.

இப்பிழையை மாணவர் மேல் ஏற்றிக் கூறுதற்கு எனக்கு உரிமை சிறிதே. என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இதே தொடர் இருந்தது. இதே அடிக்குறிப்பும் இருந்தது. வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளர், “மகாவமிசத்தில் எந்த அதிகாரம்?” என்று ஒரே ஒரு வினாத் தொடுத்தார். எனக்கு விடை தெரிந்திலது. யான் அந்நூலைக் கண்ணாற் கண்டதும் இல்லை. வேறொருவர் நூலில் இருந்த அடிக்குறிப்பினை எழுத்துப் பிசகாமல் என் ஏட்டிற் பெயர்த்து எழுதியிருந்தேன். அவரும் மற்றொருவரிடமிருந்து பெயர்த்திருத்தல் கூடும். அவையில் என் நெறியாளரும் இருந்தார்; தலை குனிந்துகொண்டார். பட்டம் மறுக்கப்படவில்லை. அன்று மாலை நூலகத்துள் சென்று 35ஆம் அதிகாரத்தைப் படித்தபொழுதுதான், என் ஏட்டின் மூன்றாம் இயல் முழுதும் அந்த ஓர் அடிக்குறிப்பின்மேல் நின்றதனை உணர்ந்தேன்.

இதனை மாணவர்க்குச் சொல்லும்போது அவர்களுள் நுண்ணறிவுடையார் ஒரு தடை எழுப்புவர். நம் முன்னோர் இங்ஙனம் மேற்கோள் காட்டினரோ என்பர். தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’ என்று கூறி அமைவரேயன்றி, யார் எந்நூலில் சொன்னார் என்று கூறுவதில்லை. பவணந்தியார் தொல்காப்பிய நூற்பாக்களுள் சிலவற்றை அவ்வாறே எடுத்துத் தம் நூலுள் அமைத்துக்கொண்டார்; அதனை உரையாசிரியர் குற்றம் எனக் கொள்ளாது வழிநூலின் இலக்கணம் என்றே போற்றினர். நச்சினார்க்கினியரோ பாட்டின் முதற்குறிப்பைக் கூறிவிட்டு மேற்செல்வார். நூற்பெயரைப் பலவிடத்தும் விடுத்துவிடுவார். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று.

ஆயினும் அம்முறை யாரை நோக்கி எழுந்தது என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரையாசிரியர் முன் இருந்து பாடங்கேட்டவர் அந்நூல்களை நெஞ்சிற் பதித்திருந்தனர். இரண்டு சீர் கேட்ட அளவில் எஞ்சிய அடிகள் அவர்தம் நாவில் எழும். அவர்கட்கு நூற்பெயர் கூறுதல் மிகை. அந்த மாணவர் கூட்டம் மறைந்தபொழுது அம்மேற்கோள்களின் வழியும் மறைந்தது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு ஆராய்ந்தபொழுது அவ்வுரையில் வந்த மேற்கோள்கள் எந்நூல்களைச் சார்ந்தன என்று அறியாமல் உற்ற இடர்ப்பாட்டை என் சரித்திரத்துள் கூறுகின்றார். அவற்றின் மூலத்தைத் தேடிய தேட்டமே அவரைச் சங்க நூற் சுவடிகளிடத்துக் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அச்சேறியதன் பின்னரே, உரைகளில் நின்ற மேற்கோள்களுள் பலவற்றிற்கு இடம் காட்ட இயன்றது. இன்னும் இடம் விளங்காதன உள. நூற்பெயர் கூறாமையின் விலையை நம் துறை இவ்வாறு ஏற்கனவே செலுத்தியுள்ளது.

அன்றியும், நம் மரபு வழி கூறாத மரபு என்பதும் முழு உண்மையன்று. இறையனார் களவியல் உரை, தான் நக்கீரர் முதலாக ஆசிரியரும் மாணவருமாக வழிவழி வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாக எவரெவர் வாயிலாகக் கேட்கப்பட்டது என்பதனைப் பெயர் பெயராக எடுத்து ஓதுகின்றது. இதனினும் தெளிந்த ஓர் அடிக்குறிப்பை யான் கண்டதில்லை. அவ்வுரையுள் நெடுமாறனைப் பாடும் பாண்டிக்கோவைச் செய்யுட்கள் பல மேற்கோளாக வருகின்றன. ஆகவே இப்பொழுது நாம் காணும் வடிவம் நக்கீரர் எழுதியதன்று, பல தலைமுறை கடந்து உருப்பெற்றது என்பதும் போதரும். இத்தனையும் உரையே வெளிப்படக் கூறியிருப்பவும், முச்சங்கச் செய்தியை ‘நக்கீரர் கூறுகின்றார்’ என்று எழுதுவார் எத்துணையர்! ‘களவியல் உரை கூறுகின்றது’ என்று எழுதுதலே முறை.

உரைகளை மேற்கோள் காட்டுவதில் மற்றோர் இடர் உண்டு. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அப்பதிப்பு இல்லையேல் நம் ஆராய்ச்சி பல்லாண்டு பின்தங்கியிருக்கும். ஆயினும் அதனுள் மெய்ப்பாட்டியல் முதலிய பின்னியல்களுக்கு அமைந்த உரை நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையது என்பது பின்வந்த அறிஞரால் நிறுவப்பட்டது. அப்பழைய பதிப்பை மட்டும் கண்டு, ‘மெய்ப்பாடு பற்றி நச்சினார்க்கினியர் கருத்து’ என்று இயல் வகுப்பவர் ஒருவர் கருத்தை மற்றொருவர்மேல் ஏற்றியவர் ஆவர். பதிப்பின் ஆண்டு குறித்தல் இங்கே வெறுஞ் சடங்கன்று. அதனைக் கொண்டே படிப்பவர் பிழையின் தோற்றுவாயைக் காண்பர்.

இறந்துபட்ட நூல்களை மேற்கோள் காட்டுவது இதனினும் நுண்ணியது. வளையாபதி முழு நூலாக நமக்குக் கிடைத்திலது. இன்று வளையாபதிச் செய்யுட்கள் என வழங்குவனவற்றுள் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலால் உய்ந்தன. புறத்திரட்டின் ஆசிரியர் அறத்துப்பால், பொருட்பால் எனப் பொருள்வகை வகுத்து, அதற்கேற்ற செய்யுட்களைப் பல நூல்களிலிருந்து தேர்ந்து கோத்தவர். தம் தலைப்புகட்குப் பொருந்தாத கதைப் பகுதிகளை அவர் எடுத்திரார். அண்மையில் ஓர் ஏட்டில், ‘வளையாபதி ஆசிரியர்க்குக் கதை கூறுவதினும் அறங்கூறுவதிலேயே நாட்டம் மிகுதி’ என்று ஒரு முடிபு கண்டேன். அடிக்குறிப்பில் ‘வளையாபதி’ என்றும் செய்யுள் எண்ணும் இருந்தன. அந்நாட்டம் வளையாபதி ஆசிரியருடையதோ, தேர்ந்து தொகுத்தவருடையதோ? ‘புறத்திரட்டு வழியாக’ என்னும் சொற்களை மாணவர் அடிக்குறிப்பில் எழுதியிருப்பாராயின் இவ்வினா அவர்க்கே தோன்றியிருக்கும், முடிபும் வேறாயிருக்கும். மேற்கோள் முறை படிப்பவர் பொருட்டு மட்டுமே உளது எனக் கருதுவார் இதனை நோக்குக.

அடியார்க்குநல்லார் உரையில் பெயர் சுட்டப்படும் இசைநூல், நாடகநூல்களின் நிலையும் இதுவே. அவற்றுள் பஞ்சமரபு நெடுங்காலம் அவ்வுரையால் மட்டுமே அறியப்பட்டிருந்து, 1970களில் சுவடியினின்று அச்சேறியது. அதற்கு முற்பட்ட கட்டுரைகளில் ‘பஞ்சமரபு கூறுவது’ என்று வருவதும், பிற்பட்ட கட்டுரைகளில் அவ்வாறு வருவதும் பொருளால் ஒன்றல்ல. முன்னையது உரையாசிரியர் எடுத்துக்காட்டிய அளவு, பின்னையது நூல். மாணவர் பழங்கட்டுரையிலிருந்து அத்தொடரை எடுத்துக்கொண்டு, புதிய பதிப்பின் ஆண்டினை அதனோடு ஒட்டிவிடுகின்றனர்.

கல்வெட்டுகளைக் குறித்துச் சிறிது கூறுவல். இந்தியத் தொல்லியல் துறையினர் ஆண்டுதோறும் வெளியிட்ட கல்வெட்டு ஆண்டறிக்கைகளில், படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டிற்கும் ஓர் எண்ணும் ஆங்கிலத்தில் இரண்டொரு வரிச் சுருக்கமும் தரப்பட்டுள்ளன. கல்வெட்டின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதலிய தொகுதிகளில் வெளியாகும். வெளியாகாதனவும் மிகப் பல. ஆண்டறிக்கை எண்ணைக் குறிப்பவர் கல்வெட்டைப் படித்தவர் ஆகார். அதனைப் படித்த ஒருவர் எழுதிய சுருக்கத்தைப் படித்தவர் ஆவர். ‘கல்வெட்டில் இச்சொல் பயின்று வந்துள்ளது’ என்று அவ்வெண்ணைக் காட்டி எழுதும் மாணவரிடம், அச்சொல் தமிழிலா இருந்தது என்று வினவினால் திகைப்பர். சொல்லாராய்ச்சிக்கு ஆண்டறிக்கைச் சுருக்கம் சான்றாகவே ஆகாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டு எல்லார்க்கும் தெரிந்தது. தெரிந்ததனாலேயே அதனைப் படிப்பார் குறைவு. முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919இலும் 921இலும், பொறிக்கப்பட்டவை இரண்டு கல்வெட்டுகள். முன்னையதன் விதிகளைப் பின்னையது திருத்தி விரிக்கின்றது. வெங்கையா அவற்றை 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். மாணவர் ஏடுகளில் இவை இரண்டும் ‘உத்தரமேரூர்க் கல்வெட்டு’ என ஒன்றாகி, சான்றாகப் பள்ளிப் பாடநூலோ பொதுநூல் ஒன்றோ காட்டப்பட்டு, ‘சோழர் காலத்து ஊர்தோறும் குடவோலை முறை நிலவியது’ என்னும் முடிபும் வந்துவிடுகின்றது. கல்வெட்டு கூறுவது ஒரு பிரமதேயத்துச் சபை தனக்கு வகுத்துக்கொண்ட முறை. இரண்டு ஆண்டுகளுக்குள் அச்சபையே தன் விதியைத் திருத்த வேண்டியிருந்தது என்பது, பொதுநூல் கூறும் எதனினும் சுவையான செய்தி. ஆட்சியாண்டினைக் குறித்து மேற்கோள் காட்டுபவர்க்கே அது புலப்படும்.

அச்சு நூல்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டா. திருக்குறளுக்கு எண் கொடுத்தால் போதும் என்று கருதுகின்றனர்; அவ்வெண் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தது, மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறட்பாக்களின் வரிசை பலவிடத்து வேறுபடும் என்பதனை நினைவிற் கொள்க. பழைய நூல்களின் முகப்பில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். சர்வசித்து என்பது 1887இல் தொடங்கியதும் ஆகலாம், 1947இல் தொடங்கியதும் ஆகலாம். இதழ்களுள் தமிழ்ப்பொழில் துணர், மலர் என்றும், செந்தமிழ்ச் செல்வி சிலம்பு, பரல் என்றும் தம்மை எண்ணிக்கொண்டன. அவற்றை அவ்வாறே குறிக்க. ‘தொகுதி’ என்று மாற்றி எழுதிய ஒருவரது குறிப்பைக் கொண்டு நூலக அலமாரியில் ஒரு முழுநாள் தேடியவன் யான்.

தன்வரலாறுகளை மாணவர் பெரிதும் நம்புகின்றனர். சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் கும்பகோணத்தில் முதன்முதற் கண்டது 1880இல். அதனை அவர் விரித்து எழுதிய என் சரித்திரம் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கியது 1940இல். இடையே கிடப்பன 60 ஆண்டுகள். அவ்வுரையாடலை ‘முதலியார் கூறினார்’ எனக் காட்டாமல், ‘முதலியார் கூறியதாக ஐயர் பின்னாளில் எழுதுகின்றார்’ எனக் காட்டுவதே நேரிது. ஐயரின் வாய்மையை ஐயுறுவதன்று இது. நினைவும் நாட்குறிப்பும் வேறு என்பதனை ஒப்புக்கொள்வதே. ஊர்ப்புறத்தில் சேகரித்த பாடலுக்கும் கூத்துக் கலைஞர் சொன்ன செய்திக்கும் சொன்னவர், ஊர், நாள் மூன்றும் வேண்டும். ‘வழக்காறு’ என்னும் ஒரு சொல்லால் அமைதல் கூடாது.

இணையத்தைப் பற்றியும் வினவுவர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலியவை இன்று மாணவர்க்குச் செய்துள்ள உதவி அளவிடற்கு அரியது. யானும் நாள்தோறும் பயன்கொள்கின்றேன். அங்கே கிடைக்கும் படி யாதாயினும் அது ஓர் அச்சுப் பதிப்பின் வழிநூலே. எப்பதிப்பினின்று எடுக்கப்பட்டது என்பது பலவற்றின் முகப்பிலேயே குறிக்கப்பட்டிருப்பவும், இணைய முகவரியை மட்டும் எழுதிப் பதிப்பாசிரியர் பெயரை விட்டுவிடுகின்றனர். முகவரி மாறும், பதிப்பு மாறாது. வினவினால் உடனே விடை எழுதித்தரும் கணினிச் செயலிகளைப் பற்றி ஒன்றே கூறுவல்: அச்சே ஆகாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் காட்டிய அடிக்குறிப்பினை ஒரு மாணவர் கட்டுரையில் யானே கண்டேன். எழுத்து முறையிலும் நிறுத்தற்குறியிலும் அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மூலத்தை எட்ட இயலாத இடம் மெய்யாகவே உண்டு. அங்கே செய்வது என்னை? தொல்காப்பியர் மரபியலில் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தினார். நூல் யாப்பார்க்குச் சொன்ன அவ்விலக்கணம் சான்று தேடுவார்க்கும் பொருந்தும் என்பது என் துணிபு. புறத்திரட்டு வழி வரும் வளையாபதி தொகுத்தது; ஆண்டறிக்கை தருவதும் தொகுத்ததே. மகாவமிசத்தை யான் படித்தது 1912இல் வெளிவந்த கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பில். அதுவும் கைகர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்ததனைப் போட் அம்மையார் ஆங்கிலமாக்கியது. பாலியினின்று என் மேசைவரை இரண்டு மொழிகள் இடையே நின்றன.

என் ஆய்வேடு பின்னர் நூலாக அச்சேறியபொழுது மூன்றாம் இயலைப் புதிதாக எழுதினேன். மகாவமிசம் பற்றிய அடிக்குறிப்பு முன்னர் ஒரே சொல்லாய் இருந்தது. இப்பொழுது அதில் அதிகார எண்ணும், யான் கண்டது மொழிபெயர்ப்பே என்பதும், அவ்வதிகாரத்தில் பத்தினி பற்றிய செய்தி இல்லை என்பதும், இராஜாவலியவை 1900ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பின் வழியே அறிந்தேன் என்பதும் சேர்ந்து ஒன்பது வரி ஆயிற்று. மெய்ப்புத் திருத்தியவர், ‘மிக நீண்டது, சுருக்கலாம்’ என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். உள்ளவாறே இருக்க என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினேன்.